மூன்றில் இரண்டு பங்கு கேட்ட மரங்கொத்தி

கோரைத்தீவில் கூரலகன் என்றொரு மரங்கொத்தி இருந்தான். ஒரு மருத மரத்தின் உச்சிப் பொந்துதான் அவன் வீடு. தீவைச் சுற்றிப் பெரிய ஏரி. ஏரியைத் தாண்டினால் அக்கரை. மான் நின்றால் தெரியாத உயரத்துக்குக் கோரைப்புல் வளர்ந்து, தீவு எந்தப் பருவத்திலும் பச்சைப்பசேலென்று கிடக்கும்.

கூரலகனிடம் வேறு யாருக்கும் தெரியாத ஒரு தொழில் இருந்தது. பூவரச இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். மேல் இலையில் எழுத்தெழுத்தாகக் கொத்துவான். அலகு அடி இலைவரை இறங்கும். ஒரு தடவை கொத்தினால் போதும், அடுக்கு முழுவதும் ஒரே சேதி! இலையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால், துளை வழியே வெளிச்சம் வந்து எழுத்துகள் மின்னும். தீவார் அதற்கு இலைச்சீட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முட்டையைத் தொலைத்தவர்கள் அவனிடம் வருவார்கள். பழுத்த மரத்தைக் கண்டுபிடித்தவர்கள் வருவார்கள். அடுத்த கிளைக்காரனைப் பெயர் சொல்லாமல் திட்ட வேண்டும் என்பவர்களும் வருவார்கள். எல்லாருக்கும் கொத்திக் கொடுப்பான்.

ஆனால் கூரலகனுக்கு அதில் திருப்தி இல்லை. ‘ஊரார் சொல்லைக் கொத்திக் கொடுக்கவா நான் பிறந்தேன்? நான் எழுத வேண்டும்! என் எழுத்தை ஊர் பேச வேண்டும்!’ என்று ஏங்கினான்.

எழுதவும் எழுதினான். ‘தீவு நலப் பெருவிளக்கம்’ என்று தலைப்பு. “அந்தோ! பசுமைத் திருவே! அலைகடல் அன்ன ஏரியின் அகத்தே வீற்றிருக்கும் அணங்கே!” என்று தொடங்கும். இலை மேல் இலையாகப் புரட்டினாலும் அணங்கை வர்ணித்து முடிந்திருக்காது. என்ன விஷயம் சொல்ல வந்தான் என்பது கடைசி இலையில்தான் தலைகாட்டும்.

தீவில் இலைச்சீட்டுகளைக் கூவிக் கொடுக்கிறவள் சிலம்பி என்ற மைனா. பெருவிளக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கூரலகன் பொந்து வாசலிலேயே காத்திருந்தான்.

“என்ன சிலம்பி, போணியாச்சா?”

“எல்லாம் தீர்ந்துவிட்டது அண்ணா! ஒரு இலை மிச்சமில்லை!”

கூரலகனின் கொண்டை தானாகவே எழுந்து நின்றது. “அப்படியா! யார் யார் வாங்கினார்கள்?”

“பழக்கடை அணில்தான் மொத்தமாக எடுத்துக்கொண்டது. அத்திப்பழம் மடித்துக் கொடுக்க நல்ல அகலமாக இருக்கிறதாம்!”

கொண்டை படிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தீவுக்கு ஒரு கஷ்டம் வந்தது.

தீவின் பெருமையே தூக்கணாங்குருவிகள்தான். கோரையைக் கிழித்து நாராக்கி, காற்றுக்கு அசைந்தாலும் அவிழாத கூடு பின்னுவார்கள். முட்டையிடப் போகிற பறவையெல்லாம் அவர்களிடம்தான் கூடு சொல்லிவைக்கும். அந்தத் தொழிலில்தான் பாதித் தீவு சாப்பிட்டது.

தீவை ஆண்டது கூழைக்கடாக்களின் சபை. அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கூழைக்கடா செத்தால், மற்றவை கூடி இன்னொரு கூழைக்கடாவை உட்கார வைக்கும். தலைவர் பெரும்பையார். அவர் அலகின் கீழே தொங்கும் பையில் ஒரு குடும்பத்துக்கான மீன் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பெரும்பையார் மணல்திட்டில் நின்று அறிவித்தார்.

“இன்றுமுதல் கோரை முழுவதும் அக்கரை நாரைகளுக்கே போகும்! கூட்டை அவர்கள் பின்னி அனுப்புவார்கள். வேண்டியவர்கள் மீனும் நெல்லும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தீவுக்குள் யாரும் கூடு பின்னக் கூடாது!”

“ஐயா, நாங்கள் என்ன செய்வோம்?” என்று கேட்டான் தூக்கணாங்குருவிகளின் தலைவன் இழையன்.

“ஓய்வெடுங்கள்! எத்தனை காலம் உழைத்திருக்கிறீர்கள்!” என்றார் பெரும்பையார். அக்கரை ஆழத்தில் மீன் பிடிக்கும் உரிமையை நாரைகள் அவருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தன. அதை அவர் சொல்லவில்லை.

அக்கரைக் கூடுகள் ஓடத்தில் வந்து இறங்கின. பார்க்க அழகாக இருந்தன. ஆனால் நாரைக்குக் கூடு பின்னுவது பற்றி என்ன தெரியும்? முதல் காற்றிலேயே இழை விட்டுப்போயிற்று. இழையனின் மனைவி வேறு வழியில்லாமல் அக்கரைக் கூட்டில்தான் முட்டையிட்டிருந்தாள். அத்தனை முட்டைகளும் பாறையில் விழுந்து உடைந்தன. அன்று தீவில் ஒரு பறவையும் பாடவில்லை.

அடுத்த நாள் காலையில் கூரலகனைத் தேடி வேம்பன் வந்தான். வேம்பன் ஒரு கீரி. அதே மருத மரத்தின் வேரடியில் வளை வைத்திருந்தான். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் பச்சிலை அரைத்துக் கொடுக்கிற வைத்தியன். நன்றாகப் படித்தவன். கூரலகனோடு நெடுநாள் பழக்கம்.

“கூரலகரே, இதைக் கொத்தித் தர வேண்டும். என் பெயர் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் சபை என்னை விடாது. உம்மை நம்பித்தான் வந்திருக்கிறேன்” என்றான்.

“என் வாயிலிருந்து வருமா வைத்தியரே!” என்று சொல்லிக் கூரலகன் இலையை வாங்கினான். கீரி நகத்தால் கீறியிருந்த எழுத்தைப் படித்தான்.

“தீவாரே, கோரை நம்முடையது. பின்னுகிற அலகும் நம்முடையது. உடைந்த முட்டையும் நம்முடையது. கூடு மட்டும் ஏன் அக்கரையிலிருந்து வர வேண்டும்? சட்டம் நம்மைப் பின்னக் கூடாது என்கிறது. வாங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே வாங்காதீர்கள். பொந்தில் படுங்கள், புதரில் படுங்கள். விற்காத கூட்டை நாரை எத்தனை நாள் அனுப்பும்? இப்படிக்கு, ஒரு தீவுக்காரன்.”

கூரலகனின் நெஞ்சில் ஏதோ சுருக்கென்று தைத்தது. ‘இவ்வளவுதானா! இதில் என்ன இருக்கிறது! அணங்கு இல்லை, திரு இல்லை, ஒரு அந்தோகூட இல்லை’ என்று நினைத்தான். ஆனால் படித்ததை மறுபடி ஒரு தடவை படித்தான். படித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கொத்திக் கொடுத்தான். சிலம்பி எடுத்துக்கொண்டு போனாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தாள்.

“அண்ணா, இன்னும் அடுக்கு வேண்டும்! பிய்த்துக்கொண்டு போகிறார்கள்! வெயிலைப் பார்த்து இலையைப் பிடித்துக்கொண்டு தீவே அண்ணாந்து நிற்கிறது! யார் அண்ணா இந்தத் தீவுக்காரன்?”

“யாரோ! எனக்கென்ன தெரியும்? கொத்தச் சொன்னார்கள், கொத்தினேன்.”

“என்ன எழுத்து! தன் தாத்தா காலத்திலிருந்து இப்படி ஒருத்தரும் எழுதினதில்லையாம், ஆந்தைக் கிழவரே சொன்னார்!”

கூரலகனுக்கு வயிறு பற்றி எரிந்தது. பூவரச இலையைக் கொண்டுவந்து மறுபடி அடுக்கினான். தன் அலகாலேயே இன்னொருவன் புகழைக் கொத்திக் கொத்தி எடுத்தான். ஒவ்வொரு கொத்தும் தன் மண்டையில் விழுவதுபோல் இருந்தது.

சில நாளில் வேம்பன் இரண்டாவது சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அதுவும் பச்சைத் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. கூரலகனால் பொறுக்க முடியவில்லை. அக்கம்பக்கம் பார்த்தான். முதல் வரிக்கு முன்னால் “அந்தோ!” என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கொத்திவிட்டான். ‘இப்போதுதான் இதற்கு ஒரு களை வந்தது!’ என்று மகிழ்ந்தான்.

சீட்டு தீவெல்லாம் போயிற்று. மாலையில் கூரலகன் கிளை கிளையாகத் தாவி, யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டான்.

“அற்புதம்! ஆனால் அந்த ‘அந்தோ’தான் ஏன் என்று புரியவில்லை” என்றது ஒரு சிட்டு.

“சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி!” என்றது இன்னொன்று.

வேம்பனும் வந்து கேட்டான். “கூரலகரே, அந்த ‘அந்தோ’ எங்கிருந்து வந்தது?”

“அலகு வழுக்கிவிட்டது வைத்தியரே.”

வேம்பன் ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு, “பரவாயில்லை. நாளெல்லாம் கொத்தினால் யாருக்குத்தான் வழுக்காது!” என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூடக் கூரலகனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தீவார் சீட்டில் சொன்னபடியே செய்தார்கள். ஒருவரும் அக்கரைக் கூட்டைத் தொடவில்லை. ஓடம் ஓடமாக வந்து இறங்கிய கூடுகள் கரையில் குவிந்து கிடந்தன. நண்டுகள்கூட அவற்றில் குடியேறவில்லை. அக்கரை நாரைகள் பெரும்பையாருக்கு ஆளனுப்பி, “கூடு போகவில்லை என்றால் மீனும் இல்லை!” என்று சொல்லிவிட்டன.

பெரும்பையார் கொதித்தார். “தீவுக்காரன் யாரென்று சொல்கிறவருக்கு மேற்கு மூலைத் தாமரைத் தடாகம் முழுவதும் சொந்தம்!” என்று அறிவித்தார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரிந்தது கூரலகனுக்கு மட்டும்தான். அவனும் சொல்லவில்லை. தாமரைத் தடாகத்தை வைத்துக்கொண்டு மரங்கொத்தி என்ன செய்யும்? நண்பனைக் காட்டிக்கொடுக்கிற எண்ணம் உண்மையிலேயே அவனுக்கு இல்லை. அவனைத் தின்றுகொண்டிருந்தது வேறு.

தீவுக்காரன் யார் என்பதுதான் எங்கும் பேச்சு. ஆந்தையாக இருக்கும் என்றார்கள். ஆமையாக இருக்கும் என்றார்கள். யாரோ ஒருவர், “கூரலகனாகவே இருக்கலாமே! அவன்தானே கொத்துகிறான்!” என்றார். அதைக் கேட்டதும் கூரலகனுக்கு உச்சி குளிர்ந்தது. இழையனின் கிளைக்கு அருகே போய் உட்கார்ந்து, கொண்டையைக் கோதிக்கொண்டே, “என்னென்னமோ பேசிக்கொள்கிறார்கள். நான் எதையும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை!” என்று பொடி வைத்துப் பேசினான்.

இழையன் வெள்ளை மனத்தோடு சொன்னான். “கவலைப்படாதீர்கள் அண்ணா! உங்கள்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் எழுத்துதான் எங்களுக்குத் தெரியுமே!”

கூரலகன் அங்கிருந்து பறந்து போனது அவனுக்கே தெரியவில்லை. எங்கெங்கோ சுற்றினான். பசிக்கவில்லை. பட்டைக்குள் கொழுத்த புழு நெளிந்தும் கொத்தத் தோன்றவில்லை. ‘நான் கொத்தாவிட்டால் அவன் எழுத்து யாருக்குத் தெரியும்? உழைப்பு என்னுடையது, பெயர் அவனுக்கா? அவனுக்கு வைத்தியத் தொழில் இருக்கிறது. போகிற இடமெல்லாம் மரியாதை இருக்கிறது. எனக்கென்று இருந்தது எழுத்து ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டானே!’ என்று பொருமினான்.

இந்த நேரத்தில்தான் பெரும்பையார் அவனுக்கு ஆளனுப்பினார்.

கூரலகன் நடுங்கிக்கொண்டுதான் போனான். அடிப்பார்கள், மிரட்டுவார்கள் என்று நினைத்தான். எது வந்தாலும் வாய் திறப்பதில்லை என்று உறுதியாக இருந்தான். ஆனால் பெரும்பையார் எழுந்து வந்து வரவேற்றார்.

“வா தம்பி, வா! உட்கார். மீன் சாப்பிடுவாயா? ஓ, நீ புழு சாப்பிடுகிற சாதி அல்லவா! யாரடா அங்கே, தம்பிக்கு நல்ல புழுவாகக் கொண்டுவா!”

கூரலகன் விழித்தான்.

பெரும்பையார் ஒரு இலைச்சீட்டை எடுத்து வெயிலில் பிடித்தார். வாய்விட்டுப் படித்தார். “உடைந்த முட்டையும் நம்முடையது! ஆகா! தம்பி, எனக்கு எதிராகத்தான் எழுதியிருக்கிறான். ஆனாலும் எழுத்து எழுத்துதானே! சபை கூடிப் பேசினோம். இப்படிப்பட்ட அறிவாளியைப் பகைத்துக்கொள்வது தப்பு. அவனைச் சபையிலேயே உட்கார வைத்துவிடலாம் என்று முடிவு. என் பக்கத்தில் ஆசனம். கழுத்தில் தாமரை மாலை. தீவு முழுக்கச் சுற்றி ஊர்வலம்!”

கூரலகன் கண்முன்னே வேம்பன் தாமரை மாலையோடு போனான். சிலம்பி முன்னால் கூவிக்கொண்டு போனாள். தான் மரத்தின்மேல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அதைப் பார்ப்பதுபோல் தோன்றியது.

“யாரென்று நீ சொல்ல வேண்டாம்” என்றார் பெரும்பையார். “அவனே வந்துவிடுவான். உன்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. மாலை போடும்போது ஒரு வாழ்த்துச் சீட்டு கொத்தித் தர வேண்டும். ‘தன்னந்தனியாக, யாருடைய உதவியும் இல்லாமல், தீவை எழுப்பிய எழுத்தாளன்’ என்று கொட்டை எழுத்தில் போடு.”

“தன்னந்தனியாகவா?” என்றான் கூரலகன்.

“பின்னே? நீ கொத்தினாய், அவ்வளவுதானே! மரத்தை யார் வேண்டுமானாலும் கொத்தலாம். எழுதுவது வேறு, தம்பி. அதற்கு மூளை வேண்டும்.”

“யார் வேண்டுமானாலும் கொத்தலாமா!” கூரலகனின் குரல் கீச்சிட்டது. “ஐயா, அந்தச் சீட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்னுடையது! வேம்பன் கொடுத்தது வெறும் எலும்பு. சதையும் தோலும் போட்டு உயிர் கொடுத்தவன் நான்!”

பெரும்பையாரின் பைக்குள் மீன் துள்ளுவது மட்டும் கேட்டது.

“வேம்பன்” என்றார் பெரும்பையார், மெதுவாக, ருசி பார்ப்பதுபோல். “கீரி வைத்தியன். நான் நினைக்கவே இல்லை.”

கூரலகன் ஓர் அடி பின்வாங்கினான். “ஐயா... மாலை?”

“போடுவோம், போடுவோம்! இரண்டு பேருக்கும் போடுவோம்!” என்றார் பெரும்பையார். காவல் காகங்கள் கூரலகனைச் சூழ்ந்துகொண்டன.

மறுநாள் மணல்திட்டில் தீவே திரண்டது. ஒரு பக்கம் வேம்பன் நின்றான். இன்னொரு பக்கம் கூரலகன் நின்றான். கூரலகன் வேம்பனின் பக்கம் திரும்பவே இல்லை.

பெரும்பையார் பேசினார். “தீவுக்காரன் என்ற பெயரில் கலகம் மூட்டியவர்கள் இவர்கள்! குற்றத்தில் ஒரு பங்கு வேம்பனுடையது. இரண்டு பங்கு தன்னுடையது என்று கூரலகனே சபையில் பெருமையாகச் சொன்னான். ஆகவே வேம்பனைத் தீவைவிட்டு விரட்டுகிறோம். கூரலகனின் அலகைப் பாறையில் தேய்த்து மழுக்கிவிட்டு, பிறகு விரட்டுகிறோம்!”

“ஐயோ!” என்று அலறினான் கூரலகன். “நான் இல்லை! அந்தச் சீட்டில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை! ஒரு எழுத்துகூட இல்லை! எல்லாம் வேம்பன் எழுதியது! எனக்கு அப்படியெல்லாம் எழுதவே வராது! என் எழுத்தில் பழம்தான் மடிக்கிறார்கள், சிலம்பியைக் கேளுங்கள்!”

“அப்படியானால் அந்த ‘அந்தோ’?” என்று கூட்டத்திலிருந்து கேட்டாள் சிலம்பி.

“அது... அது மட்டும் நான்தான்!”

தீவே சிரித்தது. அவ்வளவு துக்கத்திலும் அடக்க முடியாமல் சிரித்தது. கூரலகனுக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. எந்த உண்மையை மறைக்க இத்தனை நாள் பாடுபட்டானோ, அதை ஊர் முழுக்கக் கேட்க அவன் வாயாலேயே கூவிவிட்டான்.

வேம்பன் முன்னால் வந்தான். “கூரலகர் சொல்வது சரி. எழுதியது முழுவதும் நான். காணாமல் போன முட்டைக்குக் கொத்துகிற மாதிரித்தான் எனக்கும் கொத்திக் கொடுத்தார். அவர் அலகைத் தொடாதீர்கள். எந்தத் தண்டனையாக இருந்தாலும் எனக்கே கொடுங்கள்.”

பெரும்பையார் யோசித்தார். சபைக்கும் அறிவிப்புக் கொத்த ஓர் அலகு வேண்டுமே! “சரி. மரங்கொத்தியை விட்டுவிடுங்கள். வேம்பன் இன்றுமுதல் தீவுப்பகைவன்!”

மிதந்து வந்த ஒரு கட்டையில் வேம்பனை ஏற்றித் தள்ளிவிட்டார்கள். கட்டை கண்ணுக்கு மறையும்வரை தீவார் கரையில் நின்றார்கள். திரும்பிப் போகும்போது கூரலகனின் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. திட்டக்கூட இல்லை.

‘போகட்டும்! இனிமேல் இங்கே எழுத நான் ஒருவன்தானே!’ என்று கூரலகன் மனத்தைத் தேற்றிக்கொண்டான். இலையை அடுக்கினான். சுருக்கமாக, எளிமையாக, வேம்பனைப்போலவே எழுத முயன்றான். எதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் வேம்பன் வந்து நின்றான். வேம்பன் எழுதியதில் என்ன பிழை, வேம்பனுக்கு ஏன் இவ்வளவு பெயர், வேம்பன் அப்படி என்ன பெரிய ஆள் என்பதைத் தவிர அவனுக்கு எழுத ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இலைகள் காய்ந்து சருகாகிப் பறந்தன.

தீவார் மட்டும் சொன்ன சொல்லை விடவில்லை. சீட்டுகளைச் சபை கிழித்துப் போட்டாலும் அவர்களுக்கு அது மனப்பாடம். பொந்திலும் புதரிலும் முட்டையிட்டார்கள். மழை வந்தது. கரையில் குவிந்திருந்த அக்கரைக் கூடுகள் ஊறி, அழுகி, நாற்றமெடுத்தன. நாரைகள் ஓடத்தை நிறுத்திவிட்டன. பெரும்பையாருக்கு வரவேண்டிய மீனும் நின்றது. பை சுருங்கி, வற்றிய தோல்போல் தொங்கியது.

ஒரு நாள் அவர் மணல்திட்டில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டார். “தீவாரின் நன்மையை நினைத்து நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி எல்லாரும் பழையபடி கூடு பின்னலாம்!”

“வேம்பனும் பழையபடி வரலாமா?” என்று கேட்டான் இழையன்.

“வரக் கூடாது!”

“அப்படியானால் கூடு பின்ன மாட்டோம். மழை இன்னும் பெய்யும். உங்கள் குஞ்சுகளும் நனையட்டும்!”

பெரும்பையார் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் கோரைப் பக்கம் நகரவில்லை. “சரி, வரட்டும்” என்று முனகிவிட்டு மணல்திட்டிலிருந்து இறங்கினார்.

வேம்பனை அழைத்துவர இழையனும் அவன் கூட்டமும் அக்கரைக்குப் போனார்கள். வேம்பன் வந்து இறங்கியபோது தீவே கரையில் இருந்தது. பாட்டும் கூச்சலும் மருத மரம்வரை கேட்டன. கூரலகன் பொந்துக்குள் சுருண்டு படுத்துக்கொண்டான்.

ஊர்வலம் மரத்தடிக்கு வந்தது. வேம்பன் அண்ணாந்து கூப்பிட்டான். “கூரலகரே! இறங்கி வாரும்!”

கூரலகன் பொந்துக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டான்.

“நீர் உள்ளே இருப்பது தெரியும். வாரும் ஐயா!”

கூரலகன் மெல்லத் தலையை நீட்டினான். “என்மேல் உமக்குக் கோபம் இல்லையா?”

“இருந்தது. அக்கரைக்குப் போன புதிதில் உம் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கல்லைக் கடித்தேன். அப்புறம் அங்கேயும் நோயாளிகள் வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்க்கவே நேரம் போதவில்லை” என்றான் வேம்பன். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். “தீவாரே! என் சொல்லை நீங்கள் கொண்டாடுகிறீர்கள். இந்த அலகு இல்லாவிட்டால் அந்தச் சொல் என் வளையைத் தாண்டி வந்திருக்குமா? நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு தீவுக்கே போதும்படி கொத்தியவர் இவர். பாதிப் பெயர் இவருக்குச் சேர வேண்டும். கொடுங்கள்!”

கூட்டம் ஒரு கணம் தயங்கியது. பிறகு இழையன் சிறகடித்தான். சிலம்பி, “கூரலகன் அண்ணா வாழ்க!” என்று கூவினாள். தீவு முழுவதும் அதை வாங்கிக் கூவியது.

வாழ்நாளெல்லாம் கூரலகன் கேட்க ஏங்கிய சத்தம் அதுதான். மரத்தில் பாதித் தூரம் இறங்கிவிட்டான். கண்ணில் நீர்கூட வந்தது.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு சிட்டு இன்னொன்றிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. “பார்த்தாயா, வேம்பனுக்கு எவ்வளவு பெரிய மனசு!”

கூரலகன் அப்படியே நின்றான். ‘மன்னிப்பதிலும் இவனே முந்திக்கொண்டானே! எனக்கு வாழ்த்துச் சொல்லும்போதும் பெயர் இவனுக்கா!’

இறங்கிய வழியே திரும்ப ஏறினான். பொந்துக்குள் போய் முதுகைத் திருப்பிக்கொண்டான். வேம்பன் இன்னும் இரண்டொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு எல்லாரும் கூடு பின்னக் கோரை அறுக்கப் போனார்கள். சிரிப்பும் பேச்சும் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தன.

அடுத்தவன் புகழைக் கண்டு பொருமுகிறவனுக்கு, தன்னைத் தேடி வந்த புகழும் கசக்கவே செய்யும்.